பனி ஹொக்கியை ஆளும் நாடு எது?

நேயர்களே, இன்றைய உரைக்கு வித்திட்டது நயினாதீவிலிருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். அவருடைய மகன் குடும்பத்தோடு கனடாவின் ரொறன்ரோ நகரில் இருக்கிறார்; மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில். தீவகத்தில் இது புதுமையான செய்தியன்று. 1983ஆம் ஆண்டுக்குப் பின் எத்தனையோ வீடுகளின் முற்றங்கள் இவ்வாறே கண்டம் கண்டமாகப் பிரிந்து கிடக்கின்றன. நாகபூசணி அம்மன் கோயில் ஆனித் திருவிழாவுக்கு இரு வீட்டுப் பேரன்மாரும் வந்து கூடியபோது, தேரைப் பற்றியோ குறிகட்டுவானிலிருந்து வந்த படகுப் பயணத்தைப் பற்றியோ அல்லாமல், பனிக்கட்டியின் மேல் ஆடும் ஹொக்கியைப் பற்றி அவர்களுக்குள் வழக்கு மூண்டதாம்.

“அந்த விளையாட்டுக்கு எங்கள் நாடுதான் அரசன்” என்றான் ரொறன்ரோப் பேரன். “அரசன் ஏன் எங்களிடம் தோற்றான்?” என்று கேட்டான் பேர்ண் பேரன். இருவரும் அப்பம்மாவிடமும் அம்மம்மாவிடமுமாக, அதாவது ஒரே கிழவியிடம், நியாயம் கேட்டு வந்து நின்றார்கள். “நான் என்னத்தைச் சொல்ல? இரண்டு பேருக்கும் நுங்கு வெட்டிக் கொடுத்து வழக்கை அடுத்த திருவிழாவுக்கு ஒத்திவைத்திருக்கிறேன். அதற்கு முன் எனக்கு விடை தெரிந்தாக வேண்டும்” என்று அம்மையார் எழுதியிருக்கிறார். கடிதத்தின் அடியில் வேறொரு செய்தியையும் சேர்த்திருக்கிறார். அதனை உரிய இடத்தில் சொல்வேன்.

முதலில் விளையாட்டு எத்தகையது என்பதைக் கூறிவிட வேண்டும். பனி என்ற சொல் நமக்குப் பழையது. ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளுள் இரண்டிற்கு முன்பனி என்றும் பின்பனி என்றும் பெயரிட்ட மொழி நம்முடையது. ஆயினும் அந்தப் பனி மார்கழி விடியலில் வடலி ஓலையில் துளித்து நிற்கும் பனியேயன்றி, ஆள் ஏறி நடக்கும் பனியன்று. கட்டியான பனியைத் தீவகத்தார் அறிந்தது மீன் துறைகளிலேதான். ஊர்காவற்றுறைத் துறையில் மீனுக்கு இடுவதற்காக வந்திறங்கும் ஐஸ் பாளங்களை உடைத்து, றெஜிபோம் பெட்டிகளில் நிரப்புவதைச் சிறுபிள்ளையும் கண்டிருக்கும். அந்தப் பாளம் ஒன்று கைதவறி ஈரச் சீமெந்துத் தரையில் விழுந்தால் எவ்வளவு தூரம் வழுக்கிக்கொண்டு போகிறது என்பதையும் கண்டிருக்கும். அந்த வழுக்கலே இவ்விளையாட்டின் உயிர்.

ஏறக்குறைய 60 மீற்றர் நீளமும், 26 முதல் 30 மீற்றர் வரை அகலமும் உள்ள பனிக்கட்டித் தரை. அதனைச் சுற்றி ஆளின் மார்பளவுக்குப் பலகைச் சுவர். பக்கத்துக்கு ஆறு பேர். அவர்களுள் ஒருவர் கோல் காப்பவர். பாதணியின் அடியில் எஃகு அலகு; கையில் நுனி வளைந்த நீண்ட கோல். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குலக் குறுக்களவும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட கெட்டியான றப்பர் வட்டு. அது துள்ளாதிருக்கும் பொருட்டு ஆட்டத்துக்கு முன்பே குளிரில் உறைய வைக்கப்படும். இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். ஓட்டத்தின் வேகம் அளவு கடந்தது ஆதலால், கோல் காப்பவரைத் தவிர மற்றவர்கள் பொதுவாக ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து களத்தில் நிற்பதில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வேலியைத் தாண்டி ஒருவர் வெளியேற மற்றொருவர் உள்ளே குதிப்பார். மோதித் தள்ளுவதும் விதிக்கு உட்பட்டதே. முதன்முறை பார்ப்பவருக்கு அது விளையாட்டா கைகலப்பா என்ற ஐயம் எழுவது இயல்பு, எனக்கும் எழுந்தது.

இவ்விளையாட்டின் பிறப்பைப் பற்றிப் பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. நமது சிறுவர்கள் பனை மட்டையைச் செதுக்கித் துடுப்பாட்டம் ஆடுவது போலவே, குளங்களும் ஆறுகளும் உறைந்து கிடக்கும் நாட்டுச் சிறுவர்கள் வளைந்த மரக்கோலை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கியிருக்கிறார்கள். கனடாவின் கிழக்குக் கரையில் மிக்மாக் பழங்குடியினர் செதுக்கிய கோல்கள் 19ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்றிருந்தன. எனினும் எண்ணிக்கையும் விதியும் வகுத்து, கூரையின் கீழே, மக்கள் பார்த்திருக்க ஆடிய முதல் ஆட்டமாக ஏட்டில் பதிவானது 1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆந் திகதி மொன்றியால் நகரில் நடந்ததேயாகும். அன்று பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடினர். மொன்றியால் என்ற இந்த ஊர்ப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். வேறொரு காரணத்துக்காக மீண்டும் அங்கே போக நேரும்.

1892இல் கனடாவின் ஆள்பதியாயிருந்த ஸ்ரான்லி பிரபு ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வழங்கினார். 1908இல் பாரிஸ் நகரில் சர்வதேசச் சம்மேளனம் தோன்றியது. 1920ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் அன்ற்வேப் நகரில் நடந்த ஒலிம்பிக்கில், அது கோடைகால ஒலிம்பிக்காய் இருந்தபோதிலும், பனி ஹொக்கியும் இடம்பெற்றது.

அந்த முதற் போட்டிக்குக் கனடா அனுப்பியது எந்தக் குழுவை என்பது நமக்குச் சற்று ஊன்றிக் கவனிக்கத் தக்கது. அக்காலத்தில் கனடா தேசியக் குழு என ஒன்றைத் தெரிந்தெடுப்பதில்லை. உள்நாட்டில் ஊதியமின்றி ஆடும் கழகங்களுள் வென்றதொன்றை அப்படியே கப்பலேற்றிவிடும். 1920இல் அவ்வாறு சென்றது வினிப்பெக் நகரத்தின் பல்கன்ஸ் கழகம். அதன் ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய அனைவரும் ஐஸ்லாந்துத் தீவிலிருந்து குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகள். வினிப்பெக்கின் பெரிய கழகங்கள் தம்மோடு ஆடச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்த பிள்ளைகள் அவர்கள். அவர்கள்தாம் இறுதியில் சுவீடனை 12–1 என்று வென்று, கனடாவுக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார்கள். தீவிலிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகள் கனடாவின் பெயரால் வென்ற கதை நூறாண்டுக்கு முந்தியது என்பதை ரொறன்ரோப் பேரனுக்கு அம்மையார் சொல்லலாம்.

அதன் பின்னர் வந்த காலம் உண்மையிலேயே ஒரு நாட்டின் ஆட்சிக்காலமே. 1924இல் பிரான்சின் சமோனி நகரில் ரொறன்ரோ கிரனைற்ஸ் கழகம் செக்கோஸ்லவாக்கியாவை 30–0 என்றும், சுவீடனை 22–0 என்றும் தோற்கடித்தது. சுவிற்சர்லாந்தைத் தோற்கடித்த கணக்கு 33–0. பேர்ண் பேரனுக்கு இதைச் சொல்லும்போது மெதுவாகச் சொல்ல வேண்டும். 1928, 1932, 1948, 1952 ஆகிய ஒலிம்பிக்குகளிலும் தங்கம் கனடாவுக்கே. இடையில் 1936இல் பிரித்தானியா வென்றது. ஆனால் அந்தப் பிரித்தானியக் குழுவில் பலர் பிரித்தானியாவிற் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அங்கே ஆடப் பழகியவர்கள். கனடாவைத் தோற்கடிக்கவும் கனடாவின் பயிற்சியே தேவைப்பட்டது.

இத்தகைய வெற்றிக்குக் காரணம் யாது? கனடா நாட்டார் மற்றவரினும் வலிமை மிக்கவர் என்பதா? நான் அவ்வாறு எண்ணவில்லை. காரணம் அவர்களுடைய தரை. கனடாவின் சமவெளிகளில் ஐந்து மாதங்கள் ஒவ்வொரு குளமும் ஓர் ஆடுகளம். காசு கேட்காத, நேரம் குறிக்காத, காவலாளில்லாத ஆடுகளம். பள்ளிவிட்ட பிள்ளை இருள் சூழும்வரை ஆடலாம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பனிக்காலம் குறுகியது. பனி உறையும், இரண்டு வாரத்தில் இளகும். ஆண்டில் சில நாட்கள் ஆடுகிறவன், நூற்றைம்பது நாட்கள் ஆடுகிறவனோடு மோதினால் 33–0 என்பது வியப்பன்று. கடலோரத்திலே பிறந்த பிள்ளைக்கு நீச்சல் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லையே, அதுபோன்றதே இதுவும்.

அப்படியானால், தரையை மனிதன் தானே செய்துகொள்ளக் கற்றுவிட்டால்? உலகில் பொறியால் உறையவைத்த முதற் பனித்தரை 1876இல் இலண்டன் நகரில் அமைக்கப்பட்டது. கனடாவிலேயே, குளிர் குறைந்த மேற்குக் கரையில், 1911இல் அத்தகைய அரங்குகள் எழுந்தன. அதன் இயக்கம் மீன் துறையாருக்குப் புதிதன்று. ஐஸ் ஆலையில் தகரப் பெட்டிகளில் நன்னீரை வார்த்து, கடுங்குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டியில் இறக்கி வைப்பர். உப்புநீர் எளிதில் உறையாது, ஆனால் பெட்டியிலுள்ள நன்னீரை உறையச் செய்யும். அதே உப்புநீரைச் சீமெந்துத் தரையின் கீழே குழாய்களில் ஓடவிட்டு, மேலே நீரைத் தெளித்தால், ஓர் அங்குலத் தடிப்பில் பளிங்கு போன்ற பனித்தரை உருவாகும். ஊர்காவற்றுறைக்கு வரும் ஐஸ் பாளத்துக்கும் ரொறன்ரோவின் ஆடரங்குக்கும் தத்துவம் ஒன்றே. இந்தக் குழாய்கள் சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் செக் நாட்டுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் பரவி, ஊருக்கு ஊர் கூரையிட்ட அரங்குகள் எழுந்தபோது, கனடாவின் ஐந்து மாதக் குளிர் தன் தனிச்சிறப்பை இழந்தது.

முதல் பேரடி ருஷியாவிலிருந்து வந்தது. அங்கே குளிருக்குக் குறைவில்லை; ஆனால் அவர்கள் நெடுங்காலம் ஆடிவந்தது உதைபந்தாட்டக் களமளவு பரந்த பனியில், பக்கத்துக்குப் பதினொருவராக, பந்தை வைத்து ஆடும் வேறொரு பனி விளையாட்டை. வட்டை வைத்து ஆடும் கனடிய ஹொக்கியை அவர்கள் முறையாகத் தொடங்கியது 1946இலேதான். அனற்றோலி தரசோவ் முதலிய பயிற்றுநர்கள் கனடாவைப் பார்த்து எழுதாமல், தம் பழைய விளையாட்டிலிருந்த பரந்த ஓட்டத்தையும் இடைவிடாத கைமாற்றத்தையும் புதிய ஆட்டத்திற் புகுத்தினர். கோடையில் பனியில்லாத மாதங்களிலும் ஓட்டம், பளுத்தூக்கல் என்று வெறுந்தரையில் பயிற்சி நடந்தது. எட்டே ஆண்டுகள். 1954இல் ஸ்ரொக்ஹோம் நகரில் உலகப் போட்டிக்கு முதன்முறை வந்த சோவியத் குழு, கனடாவின் சார்பில் வந்திருந்த ஈஸ்ற் யோர்க் கழகத்தை 7–2 என்று வென்றது. ஈஸ்ற் யோர்க் என்பது இன்று ரொறன்ரோவின் ஒரு பகுதி. மறு ஆண்டு கனடாவின் பென்ரிக்ரன் கழகம் 5–0 என்று பழிதீர்த்ததாயினும், 1956 ஒலிம்பிக் தங்கம் சோவியத்துக்கே சென்றது. 1961இல் உலகப் பட்டத்தை வென்ற கனடா, அடுத்த பட்டத்துக்கு 1994வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. 1963 முதல் 1971 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பட்டம் சோவியத் நாட்டினுடையது.

இங்கே கனடாவின் பக்க நியாயத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. அந்நாட்களில் ஊதியம் பெற்று ஆடுவோர் ஒலிம்பிக்கில் ஆடக்கூடாது என்பது விதி. கனடாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அனைவரும் வட அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தில் ஊதியத்துக்கு ஆடினர்; ஆகவே நாட்டின் பெயரால் சென்றவர்கள் பகலில் வேறு தொழில் பார்த்து மாலையில் ஆடிய ஊர்க் கழகத்தினர். சோவியத் ஆட்டக்காரரோ ஏட்டளவில் படைவீரர், நடைமுறையில் ஆண்டு முழுவதும் ஹொக்கியே தொழில். இந்த ஓரவஞ்சனையைப் பொறாத கனடா 1970 முதல் உலகப் போட்டியைப் புறக்கணித்தது. 1972, 1976 ஒலிம்பிக்குகளிலும் ஆடவில்லை. 1977இல்தான் உலகப் போட்டிக்குத் திரும்பியது.

அந்த ஊடல் காலத்தின் நடுவே, 1972இல், இரு நாட்டின் முழுப் பலமும் முதன்முறையாக மோதியது. எட்டு ஆட்டங்கள்; நான்கு கனடாவில், நான்கு மொஸ்கோவில். கனடா எட்டையும் வெல்லும் என்று அந்நாட்டவர் பலர் நம்பினர். செப்ரெம்பர் 2ஆந் திகதி மொன்றியாலில் நடந்த முதல் ஆட்டத்திலேயே சோவியத் குழு 7–3 என்று வென்றது. அன்றிரவு கனடா முழுவதும் இழவு வீடு போல் இருந்தது என்றால் மிகையாகாது. முடிவில், செப்ரெம்பர் 28ஆந் திகதி, மொஸ்கோவில், எட்டாவது ஆட்டம் முடிய 34 வினாடிகள் இருக்கையில் போல் ஹென்டர்சன் என்பவர் அடித்த கோலால் 6–5 என்று கனடா வென்றது. தொடரின் கணக்கு நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஒரு சமநிலை. வென்றது கனடா, ஆனால் எட்டு ஆட்டத்தில் ஒரே ஆட்டம் கூடுதலாக, அதுவும் 34 வினாடி எல்லையில் வெல்வதை ஆட்சி என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை.

இப்பொழுது நமக்கு அண்மையிலுள்ள ஒரு கதையை நோக்குவோம். இந்தியா புல்தரை ஹொக்கியில் 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக் தங்கங்களைத் தொடர்ச்சியாக வென்றது. 1932இல் அமெரிக்காவை 24–1 என்று வென்ற கணக்கு, சமோனியின் 33–0க்கு உடன்பிறப்பு. தியான் சந்தின் பெயர் தெரியாத வீடு அந்நாளில் இந்தியாவில் இல்லை எனலாம். 1960இல் ரோமாபுரியில் பாகிஸ்தான் 1–0 என்று அந்தத் தொடரை அறுத்தது. 1964இல் இந்தியா மீட்டது. அதுவரை இது ஒரே மண்ணில் வளர்ந்த இருவரின் போட்டி. பின்னர் 1976இல் ஒலிம்பிக் நடந்த ஊர், நேயர்களே, அதே மொன்றியால். அங்கே முதன்முறையாக ஒலிம்பிக் ஹொக்கி புல்லிலன்றிச் செயற்கை விரிப்பில் ஆடப்பட்டது. மேடுபள்ளமான புல்லில் பந்தைக் கோலோடு ஒட்டவைத்துக் கொண்டுசெல்லும் நுட்பத்துக்கு, சமதளமான விரிப்பிலே பழைய விலை இல்லை. விரைவும் நெடுந்தூர அடியும் உடல் வலுவும் மேலோங்கின. இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. விரிப்பு விலையுயர்ந்தது, ஐரோப்பியருக்கு ஊருக்கு ஒன்று இருந்தபோது இந்தியருக்கு அது அரிதாயிருந்தது. 1980இல் மொஸ்கோவில், தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில், பல நாடுகள் புறக்கணித்த போட்டியில், இந்தியா தங்கம் வென்றது. அதன் பின் அடுத்த பதக்கத்துக்கு 2021இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கனடாவிடமிருந்து இயற்கைத் தரையின் உரிமையைக் குழாய்கள் பறித்தன. இந்தியாவிடமிருந்து விரிப்புப் பறித்தது. வேறுபாடு யாதெனில், கனடாவிடம் புதிய தரையையும் வாங்கப் பணமிருந்தது. ஆகவே அது முதல்வரிசையிலிருந்து வீழவில்லை; தனியாக நிற்கும் நிலையை மட்டுமே இழந்தது.

1998 முதல் வட அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்து ஆட்டக்காரரும் ஒலிம்பிக்கில் ஆட இடம் கிடைத்தது. “இனிப் பாருங்கள்” என்றது கனடா. பார்த்தோம், ஜப்பானின் நகானோவில் தங்கம் செக் நாட்டுக்கு, கனடாவுக்கு நான்காம் இடம். 2002இல் அமெரிக்காவின் சோல்ற் லேக் நகரில், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், கனடா மீண்டும் தங்கம் பெற்றது. அந்த அரங்கின் பனியை அமைக்க அழைக்கப்பட்டிருந்த கனடியர் ஒருவர், களத்தின் நடுப்புள்ளியில் பனிக்கு அடியில் ஒரு கனடிய டொலர் நாணயத்தை எவரும் அறியாமல் புதைத்து வைத்திருந்தாராம். வீட்டு நிலைக்கு அடியில் பொன் வைத்துக் கட்டும் நமக்கு இது விளங்காத செயலன்று. 2010, 2014 ஆகிய ஆண்டுகளிலும் கனடா வென்றது. இடையே 2006இல் சுவீடன். வட அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்து ஆட்டக்காரர் வராத 2018இல் ருஷிய ஆட்டக்காரர். 2022இல், ஐம்பத்தைந்து இலட்சம் மக்களே வாழும் பின்லாந்து.

ஆண்டுதோறும் நடக்கும் உலகப் போட்டியில் 2025 வரையிலான கணக்கை எடுத்தால், கனடாவுக்கு 28 பட்டங்கள். சோவியத்துக்கும் அதன் பின்வந்த ருஷியாவுக்கும் சேர்த்து 27. இது முதன்மை, ஆதிக்கம் அன்று. ஒரு சலுகையும் கொடுக்க வேண்டும்: உலகப் போட்டி நடக்கும் வேளையில் வட அமெரிக்காவின் ஸ்ரான்லிக் கிண்ண ஆட்டங்களும் நடைபெறுவதால், கனடாவின் தலையாய ஆட்டக்காரர் பலர் அங்கே வருவதில்லை. சகலரும் வந்து ஆடும் போட்டிகளை மட்டும் எடுத்தால் கனடாவின் கை ஓங்கியே இருக்கிறது. 1976 முதல் 1991 வரை ஐந்து முறை நடந்த கனடாக் கிண்ணத்தில் நான்கை அதுவே வென்றது. தவறிய 1981இல் இறுதியாட்டத்தில் சோவியத்திடம் 8–1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கனடியர் தம் உயிரெனக் கருதும் அந்த ஸ்ரான்லிக் கிண்ணத்தை 1993இல் மொன்றியால் கழகம் வென்ற பின்னர், 2025 வரை எந்தக் கனடிய நகரத்துக் கழகமும் வெல்லவில்லை. வென்ற அமெரிக்கக் கழகங்களில் ஆடியவர்களுள் கனடியர் ஏராளம். கிண்ணம் ஓரிடம், ஆட்டக்காரன் பிறந்த ஊர் வேறிடம்.

இனிப் பேர்ண் பேரனின் பக்கம். 1924இல் 33–0 என்று வீழ்ந்த சுவிற்சர்லாந்து, 2006 ஒலிம்பிக்கில் கனடாவை 2–0 என்று வென்றது. அந்த இரண்டு கோல்களையும் அடித்தவர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் பிறந்து, சுவிஸ் கழகங்களில் ஆடச் சென்று, அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற போல் டி பியெற்றோ. பின்னர் 2018இலும் 2024இலும் உலகப் போட்டி அரையிறுதிகளில் சுவிற்சர்லாந்து கனடாவை 3–2 என்று வெளியேற்றியது. ஆனால் 2013, 2018, 2024, 2025 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் இறுதியாட்டம் வரை வந்து நான்கிலும் தோற்றது. சிறிய பேரன் தன் நாட்டை அரசன் என்று சொல்லவில்லை. அரசனைத் தோற்கடித்தோம் என்றுதான் சொன்னான். அந்த அளவில் அவன் சொல் செம்மையானது.

இனி, கடிதத்தின் அடிக்குறிப்புக்கு வருகிறேன். “சண்டை போட்ட பொடியன்மார் இரண்டு பேரும் பார்க்கிறவர்கள்தான், மெய்யாக விளையாடுகிறவள் ரொறன்ரோவிலிருக்கும் மூத்த பேத்தி. அவளை ஒருவரும் கேட்கவில்லை” என்று அம்மையார் எழுதியிருக்கிறார். வழக்கின் முக்கியமான சாட்சியை விசாரியாமலே விட்டிருக்கிறார்கள்.

ஏனெனில், ஆதிக்கம் என்ற சொல் இன்று முழுப்பொருளோடு பொருந்துவது மகளிர் ஹொக்கிக்கே. மகளிர்க்கான முதல் உலகப் போட்டி 1990இல் ஒட்டாவா நகரில் நடந்தது. இறுதியில் கனடா அமெரிக்காவை 5–2 என்று வென்றது. அன்று தொடங்கி 2025 வரை உலகப் பட்டம் இந்த இரண்டு நாடுகளையன்றி மூன்றாவது நாடொன்றின் கைக்குப் போனதேயில்லை. 2019இல் மட்டும் பின்லாந்து கனடாவை அரையிறுதியில் வென்று இறுதிக்கு வந்து, அமெரிக்காவிடம் நூலிழையில் தோற்றது. 1998 முதல் 2022 வரை நடந்த ஏழு ஒலிம்பிக்குகளில் கனடாவுக்கு ஐந்து தங்கம், அமெரிக்காவுக்கு இரண்டு. இங்கேயும் காரணம் தரைதான். ஆனால் இம்முறை குளிரன்று. அரங்கு இருந்தாற் போதாது. மாலை நேரத்தில் அந்த அரங்கைப் பெண்பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். கனடாவும் அமெரிக்காவும் அதனை முந்திச் செய்தன. ஐரோப்பியர் அரங்கைக் கட்டினர். நல்ல நேரத்தையெல்லாம் நெடுங்காலம் ஆண்பிள்ளைகளுக்கே ஒதுக்கினர். தீவகத்துப் பள்ளிகளில் மாலையில் மைதானம் யாருடையது என்பதை எண்ணிப் பார்க்கும் தாய்மார்க்கு இது எளிதில் விளங்கும்.

நமது பக்கத்திலும் இந்த விளையாட்டு இல்லாமலில்லை. இமயத்தின் மடியில், ஏறக்குறைய 3,500 மீற்றர் உயரத்திலுள்ள லே நகரத்துச் சுற்றுப்புறங்களில், இயற்கையாய் உறைந்த குளங்களிலே லடாக் பிள்ளைகள் ஆடுகின்றனர். பழைய கனடாவைப் பார்க்க விரும்புபவர் அங்கே போகலாம். பனி சில வாரங்களே நிற்கும். அந்தச் சில வாரங்களை வைத்துக்கொண்டே, பெரும்பாலும் லடாக் பெண்களைக் கொண்ட இந்திய மகளிர் குழு 2025இல் ஆசியப் போட்டியில் வெண்கலம் பெற்றது.

ஆகவே அம்மையாருக்கு என் தீர்ப்பு இது. ரொறன்ரோப் பேரனிடம், “உன் நாடு இந்த ஆட்டத்தின் தாய்வீடு, மூத்த பிள்ளை, எல்லோரும் கூடி ஆடும்போது பெரும்பாலும் முதல்வன். ஆனால் அரசாட்சி 1954இலேயே முடிந்துவிட்டது” என்று சொல்லுங்கள். பேர்ண் பேரனிடம், “உன் நாடு வென்றது மெய், ஆனால் வென்ற நாடு என்பது வேறு, பட்டம் பெற்ற நாடு என்பது வேறு, அந்தப் பட்டத்தை 2025 வரை நீங்கள் ஒருமுறையும் பெறவில்லை” என்று சொல்லுங்கள். இருவருக்கும் நுங்கை ஒரே அளவாக வெட்டுங்கள். மூத்த பேத்தி வரும்போது, அவளுடைய கழகத்துக்கு வாரத்தில் எத்தனை நாள், எந்த நேரம் அரங்கு கிடைக்கிறது என்று கேட்டு எமக்கு எழுதி அனுப்பினால், அதனை வைத்து இன்னோர் உரை நிகழ்த்த ஆவலாயிருக்கிறேன்.